வேலை நிறைஞ்சிருக்கு

வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால் 'அரிசி இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணெய்க்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் இதே பேச்சுதான். இல்லை என்ற சொல் காதில் விழுந்தால் இருக்கிற கொஞ்சநஞ்சமும் கோபித்துக்கொண்டு போய்விடும் என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்தது. கடைக்குப் போகிறவனுக்கு அர்த்தம் தெரியும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். தெரியாதவன் அதை நம்பி உட்கார்ந்திருந்தால் அன்றைக்குப் பட்டினிதான்.

பலகை மேஸ்திரியின் மனைவி இந்தப் பேச்சைப் புகுந்த வீட்டில் கற்றுக்கொண்டவள். இருபத்தாறு வருஷத்தில் அது நாக்கோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த நாக்கைப் பிடுங்கிக் கழுவி வெயிலில் காயப்போட்டால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது ஒரு வியாழக்கிழமை காலையில்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. பின்கட்டில் வெங்காய மூட்டையைப் பிரித்துப்போட்டு உரித்துக்கொண்டிருந்தாள். தெருமுனை ஹோட்டலுக்கு நாளொன்றுக்கு இருபது கிலோ உரித்துக் கொடுக்க வேண்டும். எட்டு மாதமாக இந்த வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் நாற்றம் போவதில்லை. தலையணையில், தண்ணீர்க் குவளையில், மடித்துவைத்த சேலையில் எல்லாம் அது ஏறியிருந்தது. எதிரே அதைவிட மோசமான நாற்றம் ஒன்று ஆள் உயரத்துக்கு அடுக்கிவைக்கப்பட்டிருந்தது. புருஷனின் தொழிலுக்கான தகரங்கள், பலகைகள், முட்டுக்கம்புகள். கான்கிரீட் ஒட்டாமல் இருக்க அவற்றில் தடவின கழிவு எண்ணெய் மழைத் தண்ணீரில் கரைந்து வாசல்வரை கறுப்பாக வழிந்து கிடந்தது. அடுக்கின் நடுவில் எலி குட்டி போட்டிருந்தது. போன வாரம் தாய் எலி அங்கேயே செத்து, மூன்று நாள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அந்த அடுக்கின் மேலேதான் சாக்கை விரித்து மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர்.

பலகை மேஸ்திரி என்றால் கட்டடத்துக்குத் தளம் போடுவதற்கு முன் அடியில் பலகையும் தகரமும் அடித்து முட்டுக் கொடுப்பவர். மேலே ஊற்றுகிற கான்கிரீட் இறுகித் தன் காலில் நிற்கும்வரை அதைத் தாங்குவது அவர் பொறுப்பு. அவர் விசில் அடித்தால் இருபத்திரண்டு பேர் ஏறுவார்கள், இறங்குவார்கள். இப்போது விசில் அடித்தால் பக்கத்து வீட்டு நாய் வரும். அவர்கள் தெருவிலேயே மூன்று கட்டடங்கள் பாதியில் நின்றுவிட்டன. உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் இருந்து துரு வடிந்து சுவரெல்லாம் டீக்கறை பிடித்திருந்தது. கீழ்த்தளத்தை ஊர் மொத்தமும் கழிப்பிடமாக வைத்துக்கொண்டது. மூக்கைப் பொத்தாமல் யாரும் அந்தப் பக்கம் நடப்பதில்லை.

"மாப்ள, அந்தத் தகரத்து மேலயே உக்காந்திருந்தா துரு உங்களுக்கும் ஏறிடும்," என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார் அவள் அண்ணன். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அங்கே மாற்றலாகி வந்திருந்தார்.

"வாங்க மச்சான். நல்ல நேரத்துல வந்தீங்க. இதப் படிங்க."

"அது எங்கயும் ஓடிடாது. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க. ஆஸ்பத்திரியில கட்டடத்தப் பாத்துக்க ஒரு சூப்பர்வைசர் தேடுறாங்க. விவரம் தெரிஞ்ச மேஸ்திரியா வேணுமாம். பெரிய டாக்டர் என்னையே கூப்பிட்டுக் கேட்டாரு. நிரந்தர வேலை. யூனிபாரம், லீவு, வைத்தியம் எல்லாம் உண்டு. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள நான் பேரச் சொல்லணும். திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு ஆள் நிக்கணும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்ன செய்யணும்?" என்றார் மேஸ்திரி.

"ஒடஞ்சது, ஒழுகுறது, பேந்தது எல்லாத்தையும் பாத்து சரி பண்ண வைக்கணும். நாலு ஆளு உங்களுக்குக் கீழ."

"நாலு ஆளா? எனக்குக் கீழ இருபத்திரண்டு பேரு மச்சான்."

"இருந்தாங்க. அதுல ஆறு பேரு இப்ப வண்டி ஓட்டுறான். ரெண்டு பேரு பழம் விக்கிறான். மிச்சப் பேரு எங்க இருக்கான்னு உங்களுக்கே தெரியாது."

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்."

"சரி. படுத்த யானைக்குத் தீனி யாரு போடுறது? என் தங்கச்சி வெங்காயம் உரிச்சா?"

மேஸ்திரி அடுக்கிலிருந்து இறங்கி வந்து பேப்பரை மச்சானின் முகத்துக்கு நேரே பிடித்தார். "கட்டுமானத் துறைக்குப் பொற்காலம். இது நான் சொல்லல. கட்டுநர் சம்மேளனம் சொல்லுது. நாடு முழுக்கக் கணக்கெடுத்துருக்கான். அடுத்த வருஷம் ஒம்போது சதவீதம் வளரப்போவுது. இந்த நேரத்துல போயி ஆஸ்பத்திரி கக்கூஸ் கதவுக்குக் கீல் மாட்டச் சொல்றீங்களா?"

"கேக்குறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான் மாப்ள."

"அப்ப பேப்பர்ல போட்டவன் எல்லாம் கேனையா?"

"அவன் ஏன் கேனை? வாங்கிப் படிக்கிறவனத்தான் சொல்றேன்."

அண்ணன் டீ குடிக்காமலே கிளம்பினார். வாசலில் அவளிடம் மட்டும் சொன்னார்: "சனிக்கிழமை பன்னெண்டு மணி. ஒரு நிமிஷம் தாண்டினாலும் வேற பேரு போயிடும். நாலு பேரு வரிசைல நிக்கிறான்."

அவர் போனபிறகு அவள் அந்தப் பேப்பரை எடுத்து வெங்காயக் கையோடே படித்தாள். நடுவில் ஒரு வரி இருந்தது. 'கேட்கப்பட்ட மேஸ்திரிகளில் பத்துக்கு எட்டுப் பேர் தங்களிடம் வேலை நிறைந்திருப்பதாகத் தெரிவித்துள்ளனர்.' அந்த 'நிறைந்திருப்பதாக'வை மட்டும் விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள்.

மேஸ்திரி டீக்கடைக்குப் போகும்போது போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போவார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பெண் கூப்பிடும். பதவிசான குரல். 'அம்மா, கட்டுநர் சம்மேளனத்துலேருந்து பேசுறேன். மேஸ்திரி இல்லையா? பரவால்ல, நீங்களே சொல்லுங்க. அவர்கிட்ட இப்ப வேலை எப்படிம்மா இருக்கு?' முதல் தடவை கேட்டபோது மெய்யாகவே வேலை குறைய ஆரம்பித்த சமயம். அடுத்த மூன்று தடவையும் வீடு முழுக்க எண்ணெய் நாற்றமும் வெங்காய நாற்றமும்தான். நான்கு தடவையும் அவள் சொன்னது ஒரே பதில். 'நிறைஞ்சிருக்கும்மா.' வேறு என்ன சொல்வாள்? முன்பின் தெரியாத பெண்ணிடம், அதுவும் காலை நேரத்தில், வாயைத் திறந்து 'இல்லை' என்றா சொல்வாள்? அந்தப் பெண் பேசுகிற பேச்சு நம் பேச்சாக இருந்ததால், அர்த்தமும் புரிந்திருக்கும் என்றே நினைத்திருந்தாள்.

ஹோட்டலின் பின்பக்கம் வெங்காயத்தைக் கொண்டுபோய்க் கொட்டும்போது கம்பி மேஸ்திரியின் மனைவி அங்கே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டிலும் அதே நிலைமைதான், வெங்காயத்துக்குப் பதில் பூண்டு.

"அக்கா, உங்களுக்கு ஒரு பொண்ணு போன் பண்ணுமா? வேலை எப்படி இருக்குன்னு?"

"சம்மேளனத்துப் பொண்ணா? பண்ணுமே. நல்லாப் பேசும்."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"என்ன சொல்லுவாங்க? நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவேன்."

"நெசமா?"

"பின்ன? வாயால இல்லைன்னு சொல்லி இருக்கிறதையும் தொலைக்கவா? பெயிண்டர் வீட்லயும் அதான் சொன்னாங்களாம். டைல்ஸ் போடுறவன் பொண்டாட்டி ஒரு படி மேல. 'நிறைஞ்சு வழியுது'ன்னாளாம்." சொல்லிவிட்டு அந்த அக்கா சிரித்தாள். பல்லிடுக்கில் பூண்டுத்தோல் ஒட்டியிருந்தது.

பலகைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது சதவீதம் எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. வெங்காயம் உரிக்கிறவளும் பூண்டு உரிக்கிறவளும் சேர்ந்து நாட்டுக்குப் பொற்காலம் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைப் பேப்பரில் படித்துவிட்டு அவள் புருஷன் வந்த வேலையை வேண்டாம் என்கிறார். அவள் துப்பியது சுற்றி வந்து அவள் சோற்றிலேயே விழுந்திருந்தது.

சனிக்கிழமை சம்மேளனத்தின் மாநாடு. 'தேசியக் கட்டுமானத் துறை: எதிர்காலப் பார்வை' என்று தங்க எழுத்தில் அச்சடித்த அழைப்பிதழ் மேஸ்திரிக்கு வந்திருந்தது. துணையோடு வரலாம் என்றும் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார். பதினொன்றரைக்குத் தன்னை மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று அடக்கமாகச் சொன்னார். பன்னிரண்டு மணி விஷயத்தை அவள் எடுத்தபோது, "மேடையில இருக்கும்போது போன் பேச முடியுமா?" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அது என்ன நிம்மதி என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

மண்டபம் புதுசு. கட்டி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. பெயிண்ட் வாசனைக்கு அடியில் ஈரச் சுவரின் புழுங்கல் நாற்றம் அடித்தது. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தரை ஓடு நடக்க நடக்கக் குழிந்தது. கட்டடம் கட்டுகிறவர்கள் தங்கள் மாநாட்டுக்காகக் கட்டிக்கொண்ட கட்டடம் இது. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் வெளியே வந்தாள்.

வாசல் மேஜையில் ஒரு பெண் வருகிறவர்களின் பெயரை எழுதிப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தாள். 'வாங்கம்மா' என்ற ஒரே சொல்லில் அந்தக் குரலை அவள் கண்டுகொண்டாள்.

"நீதானேம்மா போன் பண்றது? பலகை மேஸ்திரி வீடு."

"அட, அம்மாவா! எப்பவும் நல்ல வார்த்தையா சொல்லுவீங்களே. உக்காருங்க."

"உக்கார வரல. நான் சொன்னத நீ தப்பா எழுதிட்டம்மா. நிறைஞ்சிருக்குன்னா, இல்லைன்னு அர்த்தம். வீட்ல அரிசிக்குச் சொல்ற மாதிரி."

அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"எங்க வீட்லயும் அப்படித்தாம்மா பேசுவோம். எனக்குத் தெரியாதா? படிவத்துல மூணு கட்டம்தான் இருக்கு. நிறைவு, சுமார், குறைவு. மொத தடவையே மேல சொன்னேன். 'சார், நிறைஞ்சிருக்குன்னா நம்ம பேச்சுல இல்லைன்னு அர்த்தம் சார்'னு. 'நல்ல வார்த்தை சொன்னவங்க வாயில நீ ஏம்மா கெட்ட வார்த்தையப் போடுற?'ன்னு கேட்டாரு. நிறைவுல டிக் போடச் சொல்லிட்டாரு."

"அவருக்கு அர்த்தம் தெரியாதா?"

"அவங்க வீட்ல அரிசி தீந்தா என்ன சொல்லுவாங்கன்னு நினைக்கிறீங்க?"

பலகைக்காரி யாரோ ஏமாந்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். இங்கே ஏமாந்தவர் ஒருவரும் இல்லை. சொன்னவளுக்குத் தெரியும், எழுதினவளுக்குத் தெரியும், எழுதச் சொன்னவனுக்கும் தெரியும். எல்லாரும் தெரிந்தே ஒரு தட்டில் எச்சிலைத் துப்பி அதைப் பாயசம் என்று கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் புத்தகத்தை வாங்காமலே உள்ளே போனாள்.

உள்ளே தலைவர் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் திரையில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஏணிப்படியில் ஏறுவதுபோல் ஏறிக் கூரையைத் தொட்டது. "நாம் வெறும் வீடு கட்டவில்லை. தேசத்தைக் கட்டுகிறோம்!" என்றார். இருநூறு மேஸ்திரிகள் கை தட்டினார்கள். எல்லாருடைய சட்டையும் இஸ்திரி போட்டிருந்தது. கைகளைப் பார்த்தால் எத்தனை மாதமாகச் சிமெண்ட் தொடவில்லை என்று தெரிந்துவிடும். காய்ப்பெல்லாம் உரிந்து, குமாஸ்தா கை மாதிரி வெளுத்திருந்தன.

சொன்னபடியே அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முப்பது வருஷ அனுபவசாலி என்று அறிமுகம் செய்து, தலைவர் மைக்கை நீட்டினார். "மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. உங்ககிட்ட வேலை எப்படி?"

மேஸ்திரி ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கணீரென்று சொன்னார்: "நிறைஞ்சிருக்குங்க!"

எங்கேயோ பின்வரிசையில் ஒருவன் 'க்ளுக்' என்று சிரித்தான். உடனே இருநூறு பேரும் இருமலும் சிரிப்புமாகக் கை தட்டினார்கள், விசில்கூடப் பறந்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே தட்டினார். அவள் புருஷனின் தோளைப் பிடித்துக் கும்பலாகப் படம் எடுத்தார்கள். ஒருவனாவது எழுந்து 'நிறுத்துங்கடா' என்று சொல்வான் என்று அவள் பார்த்தாள். யாரும் எழவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருந்தது. அவள் வராந்தாவுக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா? என்ன சொல்றாரு மாப்ள?"

"வராராம்ணே. பேரக் குடுத்துடு."

"அவர் வாயால சொன்னாரா?"

"அவர் சொன்னா என்ன, நான் சொன்னா என்ன? குடுண்ணே."

சாப்பாட்டுக் கூடத்தில் ஆறிப்போன சோறும், எண்ணெய் உறைந்த கோழித்துண்டும் போட்டார்கள். மேஸ்திரி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஒவ்வொரு மேஜையிலும் யாராவது அவரைப் பார்த்து 'நிறைஞ்சிருக்கா மேஸ்திரி?' என்று கண்ணடித்தார்கள். எட்டு மாதத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை. அவள் இலையைத் தொடவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். அவர் கக்கத்தில் அந்தப் புத்தகம் இருந்தது. பாதியில் நின்ற கட்டடங்களைத் தாண்டும்போது இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தாண்டி வந்து மூச்சு விட்டதும் அவள் சொன்னாள்: "அண்ணன்கிட்ட நீங்க வரீங்கன்னு சொல்லிட்டேன். பேரு போயிடுச்சு."

அவர் நின்றார். "யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

"என்னக் கேக்காம என் வாயா நீ பேசுவியா?"

"நாலு தடவை பேசிட்டேனே! சம்மேளனத்துப் பொண்ணு உங்களுக்குத்தான் போன் பண்ணுச்சு. எடுத்தது நான். நிறைஞ்சிருக்குன்னு சொன்னதும் நான்தான். அதத்தான் பேப்பர்ல போட்டான், படம் வரைஞ்சான், நீங்க கக்கத்துல வச்சிருக்கீங்களே, அந்தப் புத்தகமும் அடிச்சான். அப்பெல்லாம் இனிச்சுது. அஞ்சாவது தடவை மட்டும் கசக்குதா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் புத்தகத்தைக் கை மாற்றிக்கொண்டார்.

"அது பொய்யுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? மேடையில நான் சொன்னது மட்டும் என்ன?"

"தெரிஞ்சேதான் வேலைய வேணாம்னீங்களா?"

அவர் சாலையோரத்து மதில் பக்கமாக ஒதுங்கினார். குரல் இறங்கிவிட்டது. "அந்த ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துல மூணாவது மாடிக் கூரைத் தளத்துக்கு யாரு பலகை அடிச்சா தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. அவர் வேலை செய்த இடம் எதுவானாலும் வீட்டில் அதற்கு 'சைட்டு' என்று ஒரே பெயர்தான்.

"இருபத்தோரு நாளாவது முட்டு நிக்கணும். ஒம்போதாம் நாளே பிரிக்கச் சொன்னான் காண்ட்ராக்டர். திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சுன்னான். தளம் தொங்கிடும்னு சொன்னேன். 'வேற மேஸ்திரி பாத்துக்கட்டுமா?'ன்னான். பிரிச்சேன். முதல் முட்டுக்கம்ப உருவுனதே நான்தான். உருவும்போதே தளம் வயிறு தள்ளுனது தெரிஞ்சுது. மேல பூசி மறைச்சு வெள்ளையடிச்சுட்டாங்க. அதுக்குக் கீழதான் இப்ப கட்டில் போட்டு நோயாளிங்கள படுக்க வச்சிருக்கான். தெனமும் காலைல அங்க போயி அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

அவளுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. காலையிலிருந்து பார்த்த எல்லாரோடும் சேர்த்து இவரையும் பார்த்தாள். கழிப்பறையில் குழிந்த தரை ஓட்டை வைத்தவனும் இப்படித்தான் யாரிடமோ ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு வைத்துவிட்டுப் போயிருப்பான். இருபத்தாறு வருஷமாக இந்த மனுஷனுக்குச் சோறு பொங்கிப் போட்ட கையை முகர்ந்து பார்த்தாள். வெங்காயம் நாறியது. இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்து சுத்தமான நாற்றம் அது ஒன்றுதான்.

"அப்ப அது எங்கெங்க ஒழுகும்னு உங்கள விட்டா யாருக்குத் தெரியும்?" என்றாள். "எது எப்ப விழும்னும் உங்களுக்குத்தான் தெரியும். ஏழு மணிக்கு நிக்கணும். ஆறேகாலுக்கு பஸ்."

சொல்லிவிட்டு நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தெருத் திருப்பம்வரை போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் வேகமாக வருகிற சத்தம் கேட்டது.

"இந்தா, நில்லு. மூணாவது மாடியில இருக்கிற கட்டிலயெல்லாம் திங்கக்கிழமை நான் வர்றதுக்கு முன்னாடி வேற இடத்துக்கு மாத்தச் சொல்லணும். உங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லு."

"என்ன காரணம்னு கேப்பாரு."

"கேப்பாரு."

அவள் போனை எடுத்து அண்ணன் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்க ஆரம்பித்ததும் அதை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள்.